வெட்டாமல் மாட்டத் தெரியாதா?

பழைய பிக்கப் வண்டியில் ஒரு பாட்டு செட் மாற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை. இன்ஜினை இறக்கச் சொல்லவில்லை, கியர் பாக்ஸைப் பிரிக்கச் சொல்லவில்லை. பழைய செட்டை உருவி எடுத்துவிட்டு, அதே ஓட்டையில் புது செட்டைத் தள்ளி, பின்னால் ஒயரைக் கொடுக்க வேண்டும். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் எல்லாரும் “இதெல்லாம் ஒரு வேலையா?” என்கிறார்கள். நானும் அதையேதான் கேட்கிறேன். இதெல்லாம் ஒரு வேலையா? அப்புறம் எதற்கு ஒரு மனுஷனைக் கடை கடையாக அலைய விடுகிறீர்கள்?

பாட்டு செட்டை ஆடம்பரம் என்று நினைக்கிறவர்கள் ராத்திரி லோடு அடித்துப் பார்க்காதவர்கள். பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்பில் சாயங்காலம் தேங்காய்ப் பருப்பு மூட்டையை ஏற்றி முடிக்கவே இருட்டிவிடும். காங்கேயத்து எண்ணெய் ஆலை வாசலில் விடிவதற்குள் வரிசையில் நிற்க வேண்டும். நடுச்சாமம் தாண்டி, எதிரில் ஒரு வெளிச்சமும் வராத ரோட்டில், டிரைவர் தம்பிக்குத் துணை அந்த செட் ஒன்றுதான். “பாட்டு இல்லைன்னா கண்ணு சொருவுதுங்ணா” என்று அவன் சொன்னால், அது கேளிக்கைக்கான விண்ணப்பம் இல்லை; உயிர் சம்பந்தப்பட்டது. 2005-ல் டாடா ஏஸ் வந்து, குட்டியானை என்று ஊரே பெயர் வைத்து, அதற்கு முன்னும் பின்னும் வந்த பிக்கப் வகைகள் எல்லாமாகச் சேர்ந்து தமிழ்நாட்டின் காய்கறி, செங்கல், கல்யாணச் சாமான் எல்லாவற்றையும் சுமக்கின்றன. அந்தச் சின்ன கேபினுக்குள்தான் ஓட்டுகிறவனுடைய பாதி வாழ்க்கை ஓடுகிறது. அவனுக்கு ஒரு புளூடூத் செட் வாங்கிக் கொடுப்பது பெரிய காரியமே இல்லை. வாங்கினதை மாட்டுவதுதான் பெரிய காரியம்.

எங்கள் வண்டி எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். குற்றம் கம்பெனி மேல் இல்லை. வண்டி எங்கள் கைக்கு வருவதற்கு முன்பே பல கை மாறியது. மாறிய ஒவ்வொரு கையும் டேஷ்போர்டுக்குள் நுழைந்து ஒரு வேலையைப் பார்த்திருக்கிறது. பழைய செட்டை வெளியே இழுத்ததும் அதன் பின்னாலேயே குருவிக்கூடு மாதிரி ஒரு ஒயர்க்கொத்து வந்து தொங்கியது. கருப்பு டேப் சுற்றிய முடிச்சுகள். வெயிலில் டேப்பின் பசை உருகி வழிந்து, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. டேப்பைப் பிரித்தால் உள்ளே முறுக்கிவிட்ட செம்பு, பச்சை பூத்துக் கிடக்கிறது. ஒரு சிவப்பு ஒயர் நாலு விரற்கடை போய்ப் பச்சையாகிறது. அந்தப் பச்சை கொஞ்ச தூரம் போய்க் கருப்பாகிறது. கையில் எது கிடைத்ததோ அதை வைத்து ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். கருப்பு என்றால் எர்த் என்று நம்பித் தொட்டால் பொறி பறக்கிறது.

இதில் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பிய இடம் ஒன்று உண்டு. அந்தக் கொத்தின் அடியில், வண்டியோடு வந்த அசல் ஒயர்கள் சில இன்னும் இருந்தன. வரிசையாக, ஒரே நீளத்தில், ஒரே வெட்டில் நின்றன. பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது, அங்கே ஒரு கப்ளர் இருந்திருக்கிறது. செட்டைச் சொருகவும் பிடுங்கவும் வசதியாக வைத்த பிளாஸ்டிக் கப்ளர். அதை முதன்முதலில் கை வைத்த ஆள், கட்டிங் பிளேயரால் ‘நறுக்’ என்று ஒரே வெட்டாக வெட்டிக் குப்பையில் போட்டிருக்கிறார். அன்றைக்கு ஆரம்பித்த வினை இது. அதற்கப்புறம் இந்த வண்டிக்கு வந்த ஒவ்வொரு செட்டும் முறுக்கி, டேப் சுற்றி, பிரித்து, மறுபடி முறுக்கி வந்ததுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், உலகத்தில் ஒத்துப்போகாத நாடுகள்கூட இந்த விஷயத்தில் ஒத்துப்போயிருக்கின்றன. செட் உட்கார்கிற ஓட்டைக்கு அளவு உண்டு: 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். ஜெர்மானியத் தர அமைப்பின் பெயரால் கடைக்காரர்கள் ‘சிங்கிள் டின்’ என்பது அதைத்தான். உயரம் இரு மடங்கானால் ‘டபுள் டின்’. புது செட்டின் பின்னால் வரும் ஒயர்களுக்கும் பெரும்பாலும் எழுதி வைத்த நிறம் உண்டு. மஞ்சள் என்றால் எப்போதும் கரண்டு இருக்கிற பேட்டரி லைன். சிவப்பு, சாவி போட்டால் மட்டும் கரண்டு வருகிற லைன். கருப்பு எர்த். வெள்ளை முன் இடது ஸ்பீக்கர், சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. ஒவ்வொன்றுக்கும் ஜோடியாகக் கருப்புக் கோடு போட்ட ஒயர் அதனுடைய மைனஸ். செட்டின் முதுகில் இதைப் படமாகவே போட்டு ஒட்டியிருக்கிறார்கள். வண்டிப் பக்கத்துக் கப்ளர் உருப்படியாக இருந்தால், அதற்குப் பொருந்துகிற இணைப்பு ஒயர் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஒரு முனையை வண்டியில் சொருகு, மறு முனையை செட்டில் சொருகு, தீர்ந்தது. பத்தாவது படிக்கிற பையன் செய்வான்.

ஓட்டைக்கு ஒழுங்கு இருக்கிறது, செட்டுக்கு ஒழுங்கு இருக்கிறது. நடுவில் நம் ஆள் ஒருவர் கட்டிங் பிளேயரோடு உட்கார்ந்திருக்கிறார்.

நான் போன முதல் கடையில் இருந்தவர் நல்ல மனிதர். பேச்சும் மரியாதையாகத்தான் இருந்தது. புது செட்டின் பின்னால் அழகாக இருந்த கப்ளரைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் பிளேயரை எடுத்தார்.

“அண்ணா, அதை எதுக்குங்க வெட்டறீங்க?”

“இது வேண்டியதில்லைங்க தம்பி. நேரா ஜாயின்ட் போட்டுக்கலாம்.”

“நாளைக்கு செட் ரிப்பேர்னா எப்படிங்க கழட்டறது?”

“அப்ப மறுபடி வெட்டிக்கலாமுங்க. அதெல்லாம் ஒண்ணும் ஆகாது.”

ஒண்ணும் ஆகாது! இந்த ஒரு வாக்கியத்தை நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் சட்டம் போட்டுத் தடை செய்ய வேண்டும். ஒயரைப் பல்லால் கடித்துத் தோலை உரித்தார், இரண்டையும் முறுக்கினார், டேப்பை இழுத்துச் சுற்றினார், கடைசித் துண்டையும் பல்லாலேயே அறுத்தார். சால்டர் அயர்ன் மேஜை மேல்தான் கிடந்தது. சுட்டால் சுருங்கிப் பிடிக்கிற ஸ்லீவ் பக்கத்துக் கடையில் முழம் கணக்கில் விற்கிறது. அதெல்லாம் அவருக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. பேட்ச் ரோட்டில் குலுங்கிக் குலுங்கி ஓடுகிற வண்டியில் முறுக்கிவிட்ட ஜாயின்ட் எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் ஜோசியம் பார்க்கத் தேவையில்லை.

அடுத்த கூத்து மஞ்சளும் சிவப்பும். செட்டுக்கு ஏன் இரண்டு கரண்டு லைன் என்று பலருக்கு விளங்குவதில்லை. மஞ்சள் எப்போதும் உயிரோடு இருந்தால்தான் கடிகாரமும், பதிந்து வைத்த எஃப்எம் ஸ்டேஷன்களும் நினைவில் நிற்கும். சிவப்பு, சாவி போட்டதையும் எடுத்ததையும் செட்டுக்குச் சொல்கிற லைன். இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? இரண்டையும் ஒன்றாக முறுக்கி, எங்கே பல்பு எரிகிறதோ அங்கே கொடுத்துவிடுகிறார்கள்.

சாவி லைனில் கொடுத்தால், சாவியை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் செட்டுக்குப் பழசெல்லாம் மறந்துவிடும். டீக்கடையில் நிறுத்தி ஏறினால் கடிகாரம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். டிரைவர் தம்பி ஒவ்வொரு ஸ்டேஷனாகத் தேடிக்கொண்டு ரோட்டைப் பார்க்காமல் செட்டைப் பார்ப்பான். பேட்டரி லைனில் கொடுத்தால் அதற்கு மேல். சாவியை எடுத்தாலும் செட் அணையாது. சத்தத்தைக் குறைத்துவிட்டு மறந்து இறங்கினால் ராத்திரி முழுக்க அது மெல்ல மெல்ல பேட்டரியை உறிஞ்சும். அமைதியாகத் தூங்குகிற செட் சில மில்லி ஆம்பியர்தான் எடுக்கும். விழித்திருக்கிற செட் எடுப்பது அதைப் போலப் பல மடங்கு. வயதான பேட்டரி இரண்டு ராத்திரி இதைத் தாங்காது. காலையில் லோடு ஏற்றிய வண்டியை ஆள் வைத்துத் தள்ள வேண்டியதுதான். தள்ளுகிறவர்கள் முறைக்கிற முறைப்பு எலக்ட்ரீஷியனுக்கா போய்ச் சேர்கிறது? எனக்குத்தான்.

எந்த ஒயர் எது என்று கண்டுபிடிப்பது அப்படி ஒன்றும் சித்தர் ரகசியம் இல்லை. ஒரு டெஸ்ட் பல்பு போதும். ஒரு முனையை பாடியில் கவ்விவிட்டு, மறு முனையை ஒவ்வொரு ஒயராகத் தொட வேண்டும். சாவி இல்லாமலே எரிந்தால் அது பேட்டரி லைன். சாவி போட்டதும் எரிந்தால் அது சாவி லைன். ஹெட்லைட் போட்டதும் எரிந்தால் அது டேஷ்போர்டு வெளிச்சத்துக்கு உரியது. இதைப் பார்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, பேனாவால் ஒரு எழுத்து போட்டால் போதும். அந்த ஒரு எழுத்தைத்தான் இத்தனை வருஷமாக ஒருத்தரும் போடவில்லை.

ஸ்பீக்கர் கதை இன்னும் மோசம். பழைய கேசட் செட் காலத்தில் பல வண்டிகளில் ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு ஒயர்தான் இழுப்பார்கள். மைனஸைப் பக்கத்திலேயே பாடியில் ஸ்க்ரூ வைத்து முறுக்கிவிடுவார்கள். அன்றைய செட்டுக்கு அது சரி. இன்றைக்கு வருகிற செட்டுகள் அப்படி இல்லை. ஸ்பீக்கருக்குப் போகிற இரண்டு ஒயருமே உயிருள்ளவை. மைனஸ் என்று எழுதியிருக்கிற ஒயரிலும் பேட்டரி வோல்டேஜில் ஏறக்குறைய பாதி நிற்கும். அதைக் கொண்டுபோய் பாடியில் தொட்டால், நல்ல செட்டாக இருந்தால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஊமையாகிவிடும். மட்டமான செட்டாக இருந்தால் உள்ளே இருக்கிற ஆம்ப்ளிஃபையர் சிப்பே போய்விடும். போனதும் நம் ஆள் என்ன சொல்வார்? “செட்டே டூப்ளிகேட்டுங்க.” எங்கள் வண்டியின் இடது கதவில் இன்னும் அந்தப் பழைய ஒற்றை ஒயர்தான் ஓடுகிறது. அதைக் காட்டி, “புதுசா ஜோடி ஒயர் இழுக்கணுமுங்க அண்ணா” என்று நான் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பெண் பார்க்கப் போன வீட்டில் சம்பளச் சீட்டைக் கேட்டவனைப் பார்க்கிற பார்வை.

ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறினாலும் “ஒண்ணும் ஆகாது”தான். சத்தம் வரும். ஆனால் ஒரு பக்கத்து ஸ்பீக்கர் தாள் முன்னால் தள்ளும்போது மறு பக்கத்துத் தாள் பின்னால் இழுக்கும். அடித்தொனி ஒன்றை ஒன்று தின்றுவிடும். இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் இருந்த சுவடே தெரியாது. சோதிக்க ஒரு பென்சில் பேட்டரி போதும். ஸ்பீக்கர் ஒயர் இரண்டையும் பேட்டரியில் ஒரு நொடி தொட்டால் ‘டப்’ என்று ஒலிக்கும். தாள் வெளியே வந்தால், பேட்டரியின் பிளஸில் இருக்கிற ஒயர்தான் ஸ்பீக்கரின் பிளஸ். பேட்டரி விலை ஒரு டீ விலை.

எர்த் என்று ஒன்று இருக்கிறது. அதைக் கண்டால் எல்லாருக்கும் இளக்காரம். டேஷ்போர்டுக்குள் கைக்கு எட்டுகிற ஏதாவது ஒரு ஸ்க்ரூவில், பெயின்ட்டுக்கு மேல், துருவுக்கு மேல், ஒயரைச் சுற்றிவிடுவார்கள். செட் ஓடும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘ஙொய்ங்’ என்று ஒரு சத்தம் ஏறும், விட்டால் இறங்கும். பாட்டு பின்னணியாகி, ஆல்டர்னேட்டர் முன்னால் வந்து கச்சேரி பண்ணும். ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது ஏசி. உள்ளே இருக்கிற டயோடுகள் அதை டிசியாக்குகின்றன. ஆனாலும் கொஞ்சம் அலை மிச்சம் இருக்கும். எர்த் சரியாகப் பிடிக்காத வண்டியில் அந்த மிச்சம் பாட்டுக்குள் புகுந்துவிடும். போனை சார்ஜரில் போட்டுக்கொண்டே ஆக்ஸ் கேபிளில் பாட்டு கேட்டால் இன்னும் நன்றாகத் தெரியும். சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும். இரண்டு வழியாக எர்த் போய்ச் சுற்றிக்கொள்வதால் வருகிற கோளாறு அது. மருந்து ஒன்றும் பெரிதில்லை. உப்புத்தாளால் பெயின்ட்டைத் தேய்த்து, பளிச்சென்று இரும்பு தெரிகிற இடத்தில் போல்ட் வைத்து எர்த்தை இறுக்க வேண்டும். உப்புத்தாள் ஒன்று கேட்டதற்கு, “பெயின்ட் கடையிலதானுங்க கிடைக்கும்” என்று வழி சொல்லி அனுப்பினார்கள்.

லாரி வைத்திருக்கிற என் மச்சான் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “உனக்காவது 12 வோல்ட்டு” என்றார். அவர் வண்டி 24 வோல்ட். 12 வோல்ட் பேட்டரி இரண்டு வரிசையில் நிற்கிறது. செட்டுக்கு 12 வேண்டும். அதற்கென்று கன்வெர்ட்டர் விற்கிறது. ஆனால் எலக்ட்ரீஷியன் வாங்கிக் கொடுக்கவில்லை. இரண்டு பேட்டரிக்கும் நடுவில் ஒயரைப் போட்டு ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 எடுத்துக் கொடுத்துவிட்டார். செட் அருமையாகப் பாடியது. ஒரே பேட்டரி எப்போதும் கூடுதல் சுமை சுமக்க, அதற்கு சார்ஜ் போதாமல் போக, இன்னொன்றுக்கு அளவுக்கு மேல் சார்ஜ் ஏற, இரண்டும் ஜோடியாகக் கெட்டன. லாரி பேட்டரி விலை என்னவென்று அவரைக் கேட்டுப் பாருங்கள், அழுவார்.

செட் விற்கிறவர்கள் மட்டும் யோக்கியமா? அட்டைப்பெட்டி மேல் கொட்டை எழுத்தில் ‘50 வாட் x 4’ என்று போட்டிருக்கிறது. நாலு ஐம்பது இருநூறு வாட்! அதே செட்டின் முதுகில் இருக்கிற ப்யூஸைப் பாருங்கள், 10 ஆம்பியர். இன்ஜின் ஓடும்போது வண்டியில் இருப்பது சுமார் 14.4 வோல்ட். பத்தால் பெருக்கினால் உள்ளே போகக்கூடியதே 144 வாட்தான். அதிலும் கணிசமான பங்கு சூடாகப் போய்விடும். 144 உள்ளே போய் 200 வெளியே வருகிற மிஷின் இருந்தால் அதை ஊருக்கே கரண்டு கொடுக்க வைக்கலாம். அந்த ஐம்பது எங்கிருந்து வந்தது தெரியுமா? 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்தால் 51.84. ஒலி முழுக்க நசுங்கிச் சதுரமாகி, காது கேட்கச் சகிக்காத இரைச்சலாக வரும்போது கிடைக்கிற கணக்கு அது. தெளிவாகக் கேட்கிற பாட்டுக்கு ஒரு ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய 20 வாட் கிடைத்தால் பெரிய விஷயம்.

இந்த ஐம்பதை நம்பி, “சத்தம் பத்தலைங்ணா” என்று ஆரம்பிப்பார்கள். ஒரு ஸ்பீக்கர் லைனிலேயே இன்னொரு ஸ்பீக்கரைச் சேர்த்து முறுக்குவார்கள். 4 ஓம் இரண்டு சேர்ந்தால் 2 ஓம். சிப் கொதிக்கும். ப்யூஸ் போகும். போன ப்யூஸை மாற்ற மாட்டார்கள். ஒரு இழை செம்புக் கம்பியை அதன் மேல் சுற்றி மறுபடி சொருகிவிடுவார்கள். அப்புறம் போகப்போவது ப்யூஸ் அல்ல, ஒயர். பேட்டரியிலிருந்து நேராக இழுத்த மஞ்சள் லைன், இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கிற தகட்டு ஓட்டை வழியாக வருகிறது. ஓட்டையில் ரப்பர் வளையம் கிடையாது. பேட்டரிப் பக்கத்தில் ப்யூஸும் கிடையாது. தகட்டின் விளிம்பு அந்த ஒயரை நாள்தோறும் அறுத்துக்கொண்டிருக்கிறது. தோல் கிழிந்து தகட்டைத் தொட்டால் பேட்டரியின் முழுக் கரண்டும் அந்த ஒல்லி ஒயரில் பாயும். தடுக்க நடுவில் ஒன்றுமே இல்லை. பின்னால் இருப்பது தேங்காய்ப் பருப்பு மூட்டை. எண்ணெய்ச் சரக்கு. நடுரோட்டில் வண்டி பற்றிக்கொண்டு எரிந்தது என்று பேப்பரில் படிக்கும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்த ஓட்டைதான் கண்ணில் நிற்கிறது. இதற்கும் “ஒண்ணும் ஆகாதுங்க” என்றுதான் பதில் வந்தது.

எல்லாம் மாட்டி, எல்லாம் ஓடி, கடைசியில் எஃப்எம் போட்டால் 106.4 கிடைக்கவில்லை. 106.3 வருகிறது, அடுத்து 106.5-க்குத் தாவுகிறது. நடுவில் இருக்கிற ஸ்டேஷன் கொரகொரவென்று இரண்டு பக்கமும் கசிகிறது. ஆனால் 98.3 கணீரென்று வருகிறது, 93.5-ம் வருகிறது. “ஏரியல் மாத்தணும்” என்றார் ஒருவர். “டவர் வீக்குங்க” என்றார் இன்னொருவர். ஏரியலும் இல்லை, டவரும் இல்லை. செட் அமெரிக்காவுக்கென்று வைத்த அமைப்பில் இருக்கிறது. அந்த ஊரில் எஃப்எம் ஸ்டேஷன்கள் புள்ளிக்கு அப்புறம் ஒற்றைப்படையில்தான் இருக்கும், செட் 0.2 வீதம் தாவும். நம் ஊரில் இரட்டைப்படையும் உண்டு. சென்னை ரெயின்போவின் 101.4-ம் இதே கதிதான். செட்டின் மெனுவில் ‘ஏரியா’ என்று ஒன்று இருக்கும். அதில் அமெரிக்காவை எடுத்துவிட்டு ஐரோப்பாவையோ ஆசியாவையோ வைத்தால் தீர்ந்தது. பட்டன் ஒன்றை அழுத்தித் தீர வேண்டியதற்குப் புது ஏரியலுக்கு என்னிடம் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தச் செட்டை இந்த ஊரில் விற்கிறவர்கள், பெட்டிக்குள் போடுகிற காகிதத்தில் அதை ஒரு வரி தமிழில் அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்?

எலக்ட்ரீஷியன்களை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை என்பதும் தெரியும். செட் மாட்டுகிற கூலி எவ்வளவு? அதிலும் பேரம் பேசுகிற உலகம் இது. பாதி வேலையில் இன்னொரு வண்டிக்காரர் வந்து, “செல்ஃப் எடுக்கலைங்ணா, சீக்கிரம் வாங்க” என்று நிற்பார். இணைப்புக் கப்ளர் வாங்கி மாட்டினால் அந்தக் காசை வாடிக்கையாளர் கொடுக்க மாட்டார். “ஒயரை முறுக்கி விடுங்க, போதும்” என்பார். சால்டர் வைத்தவனுக்கும் டேப் சுற்றியவனுக்கும் ஒரே கூலி என்றால் எவன் சால்டர் வைப்பான்? தொழிலைக் கற்றுக்கொண்டதும் இன்னொரு பட்டறையில் பார்த்துப் பார்த்துத்தான். குரு பல்லால் உரித்தார், சிஷ்யனும் பல்லால் உரிக்கிறான். நியாயம் எல்லாம் சரிதான். ஆனால் அந்த நியாயத்தின் மொத்தப் பில்லும் வண்டியைக் கடைசியாக வாங்கினவன் தலையில் வந்து விழுகிறதே, அதற்கு என்ன பதில்?

கடைசியில் உடுமலை ரோட்டில் ஒரு பெரியவர் எங்கள் வண்டி வேலையைப் பார்த்துக் கொடுத்தார். அவர் செய்தது எதுவும் மாயம் இல்லை. வந்ததும் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டார். டெஸ்ட் பல்பைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு ஒயருக்கும் என்ன என்று எழுதினார். பழைய முடிச்சுகளை முழுக்க வெட்டி எறிந்தார். பேட்டரி ஓரத்தில் ஒரு ப்யூஸ் வைத்தார். வண்டிப் பக்கத்து ஒயர் முனைகளில் ஒரு புதுக் கப்ளர் போட்டார். ஒரு துண்டுச் சீட்டில் நிறமும் வேலையும் எழுதி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒட்டினார். “அடுத்து வர்றவன் திட்டக் கூடாதுங்க தம்பி” என்றார். அடுத்து வருகிறவன்! இத்தனை கடையில் அப்படி ஒருத்தன் வருவான் என்று நினைத்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கெல்லாம் வண்டி அவர்கள் பட்டறை வாசலைத் தாண்டியதும் உலகம் முடிந்துவிடுகிறது.

இது செட்டோடு நிற்கிற வியாதியும் இல்லை. வீட்டு மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். இன்வெர்ட்டர் லைனை யாராவது பிரித்தால் பாருங்கள். எங்கேயும் ஒரு சீட்டு கிடையாது, எந்த ஒயரிலும் ஒரு எழுத்து கிடையாது. போட்டவருக்கு மட்டும் தெரியும். போட்டவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அடுத்தவர் வந்து பார்த்து, “எவன்டா இதைப் போட்டது?” என்று கேட்டுவிட்டு, அதை வெட்டி, இன்னும் மோசமாகப் போட்டுவிட்டுப் போவார். அவருக்கு அடுத்தவரும் அதே கேள்வியைக் கேட்பார்.

ஆகவே வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கூலியில் பேரம் பேசுகிற நேரத்தில் கப்ளருக்கும் ஸ்லீவுக்கும் ப்யூஸுக்கும் காசு கொடுத்துவிடுங்கள். சீட்டு எழுதி ஒட்டினால்தான் பாக்கி கூலி என்று சொல்லுங்கள். தொழில்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்களுக்குத் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன், தெரிந்துகொண்டேதான் வெட்டுகிறீர்கள். இனிமேல் என் வண்டிப் பக்கம் யார் கட்டிங் பிளேயரோடு வந்தாலும் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்கப்போவது இதுதான்: கப்ளர் வாங்கியாச்சுங்களா? இல்லை என்றால் பிளேயரைக் கீழே வையுங்கள், அப்புறம் பேசலாம்.